ஒன்றும் ஆகாது என்று அம்மா சொன்ன ஊசி

அக்கா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே. அத்தானிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு, கிழித்ததை அப்படியே குப்பையில் போடாமல் தண்ணீரில் நனைத்துப் போடு. அம்மா உனக்கு எழுதிய கடிதம் ஹாலில் ரேடியோவின் மேல் உறை ஒட்டாமல் இருக்கிறது, காலையில் அப்பா வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடுவார். அதற்கு முன் இதை மடித்து அந்த உறைக்குள்ளே செருகிவிடப் போகிறேன். அப்பாவின் ரிப்பேர் விளக்கை, கொக்கி வைத்தது இருக்குமே அதை, கட்டில் காலில் மாட்டிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ சுகமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அத்தானுக்கு முதுகுவலி விட்டதா. அம்மாவின் கடிதம் எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும், உறை ஒட்டுமுன் எங்களுக்கு ஒருமுறை படித்துக் காட்டுவாளே, கேட்டுக் கேட்டு எனக்கும் இதுதான் வருகிறது. இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று அவள் எழுதியிருக்கிறாள். குடிதண்ணீர்க் குழாயை மாற்றியது, அப்பா யார் வீட்டு ஃப்ரிட்ஜையோ ஹாலில் பிரித்துப் போட்டுவிட்டு நாங்கள் நடக்க வழியில்லாமல் செய்தது, மாடி வீட்டுக்காரருடைய நாய் குட்டி போட்டது எல்லாம் இருக்கும், அவை எல்லாம் உண்மைதான். கடைசியில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி இருக்கும் பார், அதை மட்டும் நம்பாதே. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம், அதில் நான் என்னத்தைச் சொல்வது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கெல்லாம் தடுப்பூசி போட வேண்டும் என்று வந்தது. போடுகிறவள் நம் அம்மா. சுகாதார நிலையத்தில் அவள் குழந்தைகளுக்கு ஊசி போடுவதை நீயும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பயந்து பயந்து வருகிறவர்களிடம் “ஒண்ணும் ஆகாதும்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்” என்று ஒரே ராகத்தில் சொல்லுவாள், சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிடும். குழந்தை வீல் என்று கத்தும், அம்மாக்காரி சிரிப்பாள். அது அங்கே நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் கேள்வி கேட்காதே.

ஊசிக்கு முந்தின வாரம் பெற்றோர்களை மட்டும் கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்து அம்மாவும் சுகாதார நிலைய டாக்டரும் பேசினார்கள். எங்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி எங்களுக்கு, பேச்சு அவர்களுக்கு. எதற்காக இந்த ஊசி என்று எங்களிடம் யாரும் சொல்லாததால் நாங்களே பாத்ரூமில் கூடி முடிவு செய்துகொண்டோம். ஒருத்தி இதைப் போட்டால் பின்னால் குழந்தையே பிறக்காது என்றாள். இன்னொருத்தி கை விழுந்துவிடும், தன் சித்தப்பாவின் நண்பர் பார்த்திருக்கிறார் என்றாள். என் பக்கத்தில் உட்காருகிறவளை உனக்குத் தெரியும், உயரமாக இருப்பாளே, ஒட்டகம் என்று கூப்பிடுவோமே, அவள்தான் “உங்கம்மாதானே போடறாங்க, நீ கேட்டுட்டு வாயேன்டி” என்றாள். நானும் கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. பின்னால் உடம்புக்கு வரக்கூடிய ஒரு வியாதி வராமல் இருக்க என்றாள். என்ன வியாதி என்றேன். பெரியவளானால் தெரியும், போய்ப் படி என்றாள். ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் சொல்லுகிறவளுக்கு வீட்டில் என்னிடம் சொல்ல வெட்கம்.

அன்றைக்குக் காலையில் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இரண்டு முட்டையும் ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள் அக்கா, பின்னால் இதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளி நூலகத்தில் மேஜை போட்டிருந்தார்கள். எங்கள் பிரிவுதான் முதலில். வரிசை மேஜையிலிருந்து புத்தக அலமாரிகளைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை நின்றது, யாருக்கு ஊசி போட்டாலும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் முன்னால் வரவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டாள். “என் பொண்ணுக்குத்தான் முதல்ல போடப் போறேன், பாத்துக்கோங்க” என்று சத்தமாகச் சொன்னாள். தன் பிள்ளைக்குத் தான் ஊசி போட மாட்டாள், உனக்கும் அவள் போட்டதே இல்லையே. அதனால் கூட வந்திருந்த கண்ணாடி சிஸ்டர் போட்டார். உண்மையாகவே வலிக்கவில்லை. அப்புறம்தான் அம்மா ஒன்று செய்தாள். ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி, சுகாதார நிலையத்தில் எழுந்திருக்கிறவர்களை அவளே அதட்டி உட்காரவைப்பாள். என்னை மட்டும் உட்காரவைக்கவில்லை. வரிசையின் கடைசிவரைக்கும் நடந்து போய்விட்டு வா, சிரித்துக்கொண்டே போ, எல்லோரும் பார்க்கட்டும் என்றாள். நானும் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி நடந்தேன். பூகோளப் புத்தகங்கள் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் காதுக்குள் கொய்ங் என்றது. யாரோ திரையை இழுத்துவிட்டாற்போல் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் தரைதான்.

நான் விழுந்தது எனக்குத் தெரியாது, மற்றது ஒட்டகம் சொன்னது. யாரோ ஒருத்தி செத்துட்டா செத்துட்டா என்று கத்தினாளாம். நான் நடந்துகொண்டிருந்தபோதே ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவளும் சாய்ந்தாளாம். ஊசியே போடாமல் வரிசையில் நின்ற இரண்டு பேர் விழுந்தார்களாம். ஒட்டகத்துக்கு அப்போதுதான் போட்டிருந்தார்கள், அவள் விழும்போது பக்கத்தில் இருந்த உலக உருண்டையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தாள், அது உருண்டு போய் எச்.எம். காலில் இடித்தது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்குள் ஊரெல்லாம் நம் அம்மா பெற்ற மகளுக்கே விஷ ஊசி போட்டுவிட்டாள் என்று பரவிவிட்டது. ஒரு பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவை வழிமறித்து “ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது நீங்கதானே, இது என்ன?” என்று கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. அம்மா வேலைக்குப் போகிறாள் வருகிறாள். சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாளில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தனவாம். தையல்காரர் வீட்டு மருமகள் அம்மை ஊசிக்காகக் குழந்தையோடு வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் வாசற்படியிலிருந்தே திரும்பிப் போய்விட்டாளாம். இதை அம்மா சாப்பிடும்போது சொன்னாள், அழவில்லை, கையில் எடுத்த கவளத்தை அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். அப்பா சூழ்நிலையைச் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்தார். பழைய ஃப்ரிட்ஜை ரிப்பேர் செய்து கொடுக்கும்போது ராத்திரியில் டக் டக் என்று சத்தம் வரும், அது மோட்டார் நிற்கிற சத்தம், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுவாராம். சொன்ன வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்களாம், சொல்ல மறந்த வீட்டிலிருந்து நடுராத்திரி போன் வருமாம். அம்மா “மனுஷப் பிள்ளையும் ஃப்ரிட்ஜும் ஒண்ணா உங்களுக்கு?” என்று எழுந்து போய்விட்டாள்.

இன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அவர் நல்லவர்தான், என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், அந்த ஃப்ரிட்ஜைத் தாண்ட முடியாமல் தாண்டி வந்து உட்கார்ந்தார். நாளைக்குக் காலையில் பெற்றோர் எல்லோரையும் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பிரிவுக்கும் ஊசி போடுவதா வேண்டாமா என்று அங்கேதான் முடிவாகும். டாக்டர் சொன்னார், மயக்கம் வரலாம் என்று நாமே சொன்னால் எவனும் பெண்ணை அனுப்ப மாட்டான் சிஸ்டர், இந்த ஊர் தாங்காது, அதனால் குழந்தை காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாள், அவள் விழுந்ததைப் பார்த்து மற்றவர்கள் பயந்துபோய் நடித்துவிட்டார்கள் என்று முடித்துவிடுவோம். அதோடு விட்டிருக்கலாம். “பாப்பாவே மேடையில வந்து சாப்பிடலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஃப்ரிட்ஜின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி சார் என்றாள்.

இரண்டு முட்டை அக்கா. அவளே உரித்துக் கொடுத்தாள்.

நான் ஒரு பொய் சொன்னதே இல்லை என்று உனக்குக் கதைவிடவில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருக்கிறது. ஒட்டகத்தின் வீட்டில் அவள் நடித்தாள் என்று முடிவு செய்து அவளோடு யாரும் பேசுவதில்லை, அவளுடைய அண்ணன் அவள் எதிரில் வரும்போதெல்லாம் நெற்றியில் கைவைத்து விழுவதுபோல் செய்து காட்டுகிறானாம். நேற்று வகுப்பில் என்னிடம் “நீயும்தானே விழுந்தே. நான் நடிக்கலன்னு நீயாவது சொல்லுடி” என்று கேட்டாள். நாளைக்கு நான் மேடையில் ஏறி டாக்டர் சொன்னதைச் சொன்னால் அவள் நடித்ததாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் அம்மா பொய் சொன்னதாக ஆகிவிடும், அவளை வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று கண்ணாடி சிஸ்டர் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். அவள் இல்லாவிட்டால் தையல்காரர் மருமகளைத் திரும்பக் கூட்டிவர அங்கே யார் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இந்த ஊசியின் பெயரைப் பார்த்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி என்று போட்டிருக்கிறது. புற்றுநோய் என்றால் எனக்குத் தெரியும். அம்மா முதலில் எனக்குப் போட்டாளே, அது எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்ததாலா? அதனால்தான் நான் விழுந்தேனா? அதனால்தான் கேட்டால் நிமிராமல் வெங்காயம் நறுக்கினாளா? நீ மருந்தகத்தில் வேலை செய்கிறாய், யார் யாருக்கோ நாள் முழுக்க மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், எனக்கும் சொல்லு. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஊசி இருக்கிறதாம். அதற்கும் விழுவேனா? பாத்ரூமில் சொன்னதெல்லாம் நிஜமா?

நீ எழுதுகிற கடிதத்தை அப்பா உரக்கப் படிப்பார், அதனால் நேராக எழுதாதே. எனக்கு ஒன்றும் இல்லை என்றால் உங்கள் வீட்டுப் பூனை நன்றாக இருக்கிறது என்று எழுது. ஏதாவது இருக்கிறது என்றால் பூனையைக் காணவில்லை என்று எழுது. உங்களிடம் பூனை இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும், புதிதாக வாங்கியதாக முதலிலேயே ஒரு வரி சேர்த்துவிடு. இது உன் கைக்கு வருவதற்குள் நாளைய கூட்டம் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும் என்று தெரியும். உன்னிடம் சொல்லிவிட்டால் காலையில் மேடையில் என்ன சொல்வது என்று எனக்கே தெரிந்துவிடும் போல இருந்தது, அதனால் எழுதுகிறேன். இப்போது தெரிகிறது என்று நினைக்கிறேன். நான் மேடைக்குப் போய் முதலில் முட்டையைப் பற்றித்தான்

கதவைத் தட்டுகிறார்கள்


அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கதவைத் தட்டியது நான்தான். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. எனக்கும் தூக்கம் வரவில்லை, நாளைக்கு மேடையில் நிற்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று வந்தேன். உன் தங்கை இதை ஒளிக்கப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ நீட்டிவிட்டாள். படித்தேன். அந்தப் புற்றுநோய் வரியைப் படித்த பிறகு சிறிது நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் எத்தனை பேருக்கு எத்தனை சொல்லியிருக்கிறேன், பக்கத்து அறையில் ஒரு குழந்தை இப்படி நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அப்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை, வராமல் இருக்கத்தான் இந்த வயதில் போடுகிறோம், குழந்தை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். கருப்பை எங்கே இருக்கிறது, அதன் வாய் எது என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தும் காட்டினேன். ஆட்டுத் தலை மாதிரி இருக்கிறது என்று உன் தங்கை சொல்கிறாள், நீயும் சிரிக்காதே. அதன் பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்கு வெட்கத்தை விட்டுப் பதில் சொன்னேன், அதை எழுதத் தாள் போதாது.

காலையில் உறையைத் தபாலில் போட வேண்டாம் என்று உன் அப்பாவைத் தடுத்துவிட்டேன், கூட்டம் முடிந்து சில நாள் கழித்துத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் அவளை மேடையேற்றவில்லை. நானே ஏறினேன். என் மகள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள், ஊசி போட்டதும் உட்காரவைக்க வேண்டியவளை ஊர்வலம் விட்டது நான், அது என் தப்பு என்று சொன்னேன். இந்த வயதுப் பெண்களில் சிலருக்கு ஊசி என்றாலே பயத்திலும் பதற்றத்திலும் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்திக்கும் வரும், அது நடிப்பும் இல்லை விஷமும் இல்லை, ஊசி போடாமலே இரண்டு பேர் விழுந்தார்களே என்றேன். கை இரண்டு மூன்று நாள் வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். மிக அரிதாக மூச்சு முட்டுவதோ முகம் வீங்குவதோ உண்டு, அது பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தெரியும், அதற்குத்தான் உட்காரவைக்கிறோம், அதற்கான மருந்து மேஜையிலேயே இருக்கும் என்று எடுத்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை மறித்தவர் எழுந்து “இதை ஏன் அன்னிக்கே சொல்லல?” என்று கேட்டார். சொன்னால் பயப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். “இப்ப மட்டும் பயப்படலையா?” என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உன் அப்பாவின் ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவரிடம் இதைச் சொல்லிவிடாதே, தலைகால் புரியாது.

டாக்டர் என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். பாதியில் ஒருவர் குழந்தை பிறக்காதாமே என்று கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் அவரே எழுந்து வந்து பொறுமையாகப் பதில் சொன்னார். என்னோடு இன்னும் பேசவில்லை. மேலிடத்திலிருந்து என்ன வரும் என்று தெரியவில்லை, வரும்போது பார்க்கலாம். எழுந்து போனவர்களும் உண்டு. இன்று மற்ற இரண்டு பிரிவுக்கும் போட்டோம், பாதிப் பேர்தான் வந்தார்கள். முதலில் வகுப்பில் வைத்துப் பெண்களிடமே எல்லாவற்றையும் சொன்னேன், பாத்ரூம் கதைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொன்னேன். வரிசை வேண்டாம் என்று ஒருத்தர் ஒருத்தராக உள்ளே கூப்பிட்டுப் பாயில் படுக்கவைத்துப் போட்டோம். ஒருத்தி எழுந்து உட்கார்ந்ததும், சிஸ்டர் நீங்க சொன்னது வருது என்றாள். மறுபடி படுக்கவைத்தோம், கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்து போனாள். வெளியே இருந்தவர்கள் யாரும் ஓடவில்லை. அந்த உயரமான பெண்ணின் வீட்டுக்கும் போய், அவளுடைய அண்ணனை உட்காரவைத்துப் பேசிவிட்டு வந்தேன். தையல்காரர் மருமகள் இன்னும் வரவில்லை. நாளைக்கு அவள் வீட்டுக்கே போய் உட்காரப் போகிறேன், இந்தத் தடவை எறும்பைப் பற்றிப் பேசப்போவதில்லை.

நான் எழுதிய கடிதத்தையும் கிழிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன், குழாய், நாய்க்குட்டி எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. தங்கைக்குத் தனி உறையில் அவள் பெயர் போட்டு எழுது, நானும் அப்பாவும் பிரிக்க மாட்டோம். நான் எல்லாம் சொல்லிவிட்டேன்தான், இருந்தாலும் முந்தி ஒருமுறை ஒன்றும் ஆகாது என்று சொன்னவள் நான். பூனை எப்படி இருக்கிறது என்று அவள் உன்னிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆசிகளுடன்,
அம்மா